வளர்ந்த பின்னும் மழலையா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்தவர் வள்ளுவர். ஆனால் எந்த வயது வரை என்று அவர் சொல்லவில்லை. மூன்று வயதுத் தங்கை "தாப்பாடு வேணும்" என்றால் வீடே கூடி நின்று கேட்டு மகிழ்கிறது. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கன்னத்தைக் கிள்ளுகிறது. அதே சொல்லை அதே ஒலியில் பதின்மூன்று வயது அக்காள் சொன்னால் முகங்கள் மாறுகின்றன. ஒருவர் சிரிப்பை அடக்குகிறார். இன்னொருவர் அடக்குவதுமில்லை.

இந்த மழலை மாறாத பேச்சைப் பற்றி எங்கள் வகுப்பில் இந்த ஆண்டு நிறையப் பேசிக்கொண்டோம். காரணம், எங்களுள் ஒருத்தி. அவளுடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாள். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வளர்ந்த பிள்ளையின் மழலையைத் திருத்த முடியும்; அதட்டலால் அன்று, முறையான பயிற்சியால். அந்தப் பயிற்சி வேண்டுமா, எப்போது வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவள் அந்தப் பிள்ளையே. இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ள நம் வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் ஏனோ மனம் வருவதில்லை.

ஒரு குழப்பத்தை நீக்கிவிட்டு மேலே செல்வோம். திக்குவாய் வேறு, மழலை வேறு. திக்குபவருக்குச் சொல் வாய்வரை வந்து நின்றுவிடும். அல்லது முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வரும். மழலை பேசுபவருக்கு அப்படித் தடை ஏதுமில்லை. பேச்சு தடங்கலின்றி ஓடும். ஓர் ஒலி மட்டும் இடம் மாறி விழும். அவளிடம் போய் "நிதானமாகப் பேசு, மூச்சை இழுத்து விடு" என்று அறிவுரை கூறுவது, தலைவலி என்று வந்தவளுக்குக் காலில் தைலம் தேய்ப்பது போன்றது.

அந்த ஒலி ஏன் இடம் மாறுகிறது? எழுத்துகளின் பிறப்பு என்று இலக்கணத்தில் ஒரு பகுதி உண்டு. கீழ் வகுப்பில் அதைப் படித்தபோது மதிப்பெண்ணுக்காக மட்டுமே படித்தோம். இப்போதுதான் அதன் அருமை தெரிகிறது. உள்ளிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டு இடங்களின் முயற்சியால் எழுத்தாகிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்திருக்கிறார். 'ச' பிறப்பதற்கு நாவின் நடுவும் அண்ணத்தின் நடுவும் பொருந்த வேண்டும். 'த' பிறப்பதற்குப் பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து ஒற்ற வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், தோழியரே! 'ச'வுக்கு உள்ளே நிற்க வேண்டிய நா, முன்னே நழுவிப் பல்லுக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? சட்டை 'தட்டை' ஆகிவிடும். காசு 'காது' ஆகிவிடும். உண்மையில் அது முழுத் 'த'வும் அன்று. பல்லிடுக்கில் காற்று கசியும் ஓர் ஒலி. அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் 'த' என்றே எழுதுகிறோம்.

இன்று பேச்சில் நாம் காற்றை உரசவிட்டுச் சொல்லும் 'ச' இன்னும் நுட்பமானது. நாவின் இரண்டு ஓரங்களும் மேலே கடைவாய்ப் பற்களைத் தொட்டு அணைகட்ட வேண்டும். நடுவில் ஒரு சிறு வாய்க்கால் விட வேண்டும். அந்த வாய்க்கால் வழியாக மட்டும் காற்று வந்து முன்பற்களின் விளிம்பில் மோதிச் சீற வேண்டும். நாவின் நுனி மேற்பற்களுக்குப் பின்னால் நிற்கலாம், கீழ்ப்பற்களுக்குப் பின்னால் படிந்தும் இருக்கலாம், இரண்டும் சரியே. பற்களைத் தாண்டி வெளியே எட்டிப் பார்ப்பதுதான் கூடாது. இவ்வளவு வேலையையும் ஒரு நொடிக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எவரும் கற்றுக் கொடுக்காமலே நாம் செய்துவிடுகிறோம். சிலருக்கு அது தானாக அமையவில்லை என்பதில் வியப்படைய என்ன இருக்கிறது?

நம் மொழியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே 'ச'தான், ஆனால் 'பச்சை'யில் ஓர் ஒலி, 'மஞ்ச'ளில் ஓர் ஒலி, 'பசி'யில் ஓர் ஒலி. எங்கள் தோழிக்குப் பச்சையும் மஞ்சளும் அழகாக வரும், பசிதான் வராது. "பச்சைன்னு சொல்லத் தெரியுதில்ல, அப்புறம் என்ன? வேணும்னே பண்றா" என்று அவள் சிற்றப்பா ஒருவர் தீர்ப்புக் கூறியிருக்கிறார். எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒலி மூன்று என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மழலையில் வேறொரு வகையும் இருக்கிறது. அங்கே நா வெளியே வருவதில்லை. காற்று நடுவே வராமல் இரு பக்கமும் கன்னத்தை நோக்கி வழிந்துவிடும். எச்சில் கலந்தாற்போலக் கேட்கும். ஊரில் இதைத்தான் 'கொழகொழன்னு பேசுறா' என்பார்கள். நா முன்னே வரும் மழலை சிறு குழந்தைகள் பலருக்கும் இயல்பு. பெரும்பாலோர்க்கு வளர வளரத் தானே போய்விடும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழுந்து கிடக்கும்போது யாருக்குத்தான் 'ச' ஒழுங்காக வரும்? ஆனால் புதிய பற்கள் முளைத்து, எட்டு வயதும் தாண்டிய பிறகும் அது நின்றுவிட்டால், 'தானே சரியாகிவிடும்' என்று காத்திருப்பதில் பொருளில்லை. பக்கவாட்டில் காற்று வழியும் வகை வளர்ச்சியின் ஒரு படியே அன்று. அதற்காகச் சிறு வயதிலும் காத்திருக்க வேண்டியதில்லை என்கிறார்கள் இத்துறை அறிந்தோர்.

காத்திருக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? பாட்டி வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறார். (கைக்குழந்தைக்கு வசம்பு வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.) சிலர் "நாக்கு தடிப்பு" என்று சொல்லிக் காரமாகத் தின்னக் கொடுக்கிறார்கள். சிலர் நாவின் அடியிலுள்ள சவ்வை வெட்டிவிட்டால் போதும் என்று மருத்துவரிடம் ஓடுகிறார்கள். சவ்வு குட்டையாக இருந்து நா மேலெழ முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மழலை பேசும் பெரும்பாலோர்க்கு நாவில் எந்தக் குறையும் இல்லை. பழகிய இடம்தான் தவறு.

கூழாங்கல் கதையைச் சொல்லாத காலை வழிபாட்டுக் கூட்டம் உண்டா? கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் வாயில் கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகி நாவலரானார் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குத் தம் கலையின் பெயரிலுள்ள முதல் எழுத்தே வாயில் வரவில்லை என்று ரோமானிய அறிஞர் சிசரோவும் குறித்திருக்கிறார். இந்தக் கதையைக் கேட்டுக் கல்லைத் தேடிப் போகாதீர்கள். தொண்டையில் சிக்கினால் நாவலர் ஆவதற்கு முன் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கல்லைப் புகழ்கிறவர்கள், அவர் நாள்தோறும் பழகினார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி முறையான பயிற்சிக்கு வருவோம். எங்கள் தோழியை அவள் அம்மா ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஒரு நாள் துணைக்கு நாங்கள் இருவர் போனோம். 'உள்ளே வந்து உட்காருங்கள், நீங்களும்தானே இவளோடு பேசப் போகிறீர்கள்' என்று பேச்சுப் பயிற்சியாளர் எங்களையும் அழைத்துக்கொண்டார். முன்பே காது சோதனை முடிந்திருந்தது. 'ச' மிக மெல்லிய, உயர்ந்த சுருதியுள்ள ஒலி. உயர் சுருதி மட்டும் கேளாத பிள்ளைகளுக்கு மற்றதெல்லாம் கேட்கும், 'ச' தெளிவாகக் கேட்காது. கேளாத ஒலியை நா எப்படிச் செய்யும்? பல் மருத்துவரும் பார்த்திருந்தார். விரல் சூப்பும் பழக்கம் நெடுநாள் இருந்தால் மேல் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழக்கூடும். நா அந்த வாசலில் வந்து நின்றுகொள்ளும். எங்கள் தோழிக்குக் காதும் பல்லும் நலமே.

நாங்கள் எதிர்பார்த்தது வேறு, நடந்தது வேறு. முதல் சில முறைகளில் அவளை ஒரு சொல்லும் சொல்லச் சொல்லவில்லையாம். கேட்கச் சொன்னார்களாம். பயிற்சியாளர் சில சொற்களைச் சரியாகவும் சிலவற்றை மழலையாகவும் கலந்து சொல்வார். தவறு கேட்டால் இவள் விரலை உயர்த்த வேண்டும். பிறர் வாயில் தவறைப் பிடிக்கத் தெரிந்த பிறகுதான் தன் வாயில் பிடிக்க முடியுமாம். காதை முதலில் பழக்கும் இந்த முறையைச் சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கர் 1939இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அவரே திக்குவாயால் துன்பப்பட்டவர். அவர் வகுத்த படிகளை இன்றும் பலர் சிறு மாற்றங்களுடன் பின்பற்றுகிறார்கள்.

பிறகு அட்டைகள் வந்தன. காசு, காது. பாசி, பாதி. மாசு, மாது. சங்கம், தங்கம். இரண்டிரண்டாகப் படம் போட்ட அட்டைகள். இவள் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் தம் காதில் விழுந்ததையே எடுப்பார். இவள் காசு கேட்டாள். அவர் காது படத்தை எடுத்து நீட்டினார். சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. இவளே தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயன்றாள். 'தவறு' என்று ஒருவர் சொல்வதைக் காட்டிலும், கேட்ட பொருள் கைக்கு வரவில்லை என்பது எவ்வளவு நன்றாக உறைக்கிறது!

சரியான ஒலியை வாயில் அமைப்பதற்குப் பல வழிகள் உண்டு. ஒருவருக்குப் பலிப்பது இன்னொருவருக்குப் பலிக்காது. ஒரு வழி 'ஈ'யிலிருந்து தொடங்குவது. நீட்டி 'ஈ' என்று சொல்லும்போது நாவின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களில் படுவதை உணரலாம். அதை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, பற்களை மெல்லச் சேர்த்து, குரலின்றிக் காற்றை மட்டும் விட வேண்டும். இரு ஓரமும் உயர்ந்து நடு பள்ளமாவதால் இதை வண்ணத்துப்பூச்சி நிலை என்கிறார்கள். இன்னொரு வழி 'ட்'டிலிருந்து தொடங்குவது. 'ட் ட் ட்' என்று விரைவாகச் சொல்லி, கடைசி 'ட்'டை நீட்டினால் 'ட்ஸ்ஸ்' என்று காற்று சீறும். எங்கள் தோழிக்குப் பலித்தது இதுவே. அவள் பிறந்த பின் முதன்முதலாகச் சரியாகச் சொன்ன 'ஸ்' எந்தச் சொல்லில் தெரியுமா? 'நோட்ஸ்'. பத்தாம் வகுப்பு மாணவிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

காற்று நடுவே வருகிறதா, பக்கவாட்டில் வழிகிறதா என்பதை அறிய உறிஞ்சுகுழல் ஒன்று போதும். குழலை முன்பற்களின் நடுவே பிடித்துக்கொண்டு ஒலியைச் சொன்னால், காற்று சரியாக வரும்போது குழலுக்குள் இரைச்சல் பெருகும். கன்னத்தருகே நகர்த்தியதும் பெருகினால் வாய்க்கால் மாறிப் போயிருக்கிறது என்று பொருள். கண்ணாடி முன் அமர்ந்து நா எட்டிப் பார்க்கிறதா என்று காவல் காப்பதும் உண்டு. நா அண்ணத்தில் எங்கே படுகிறது என்று திரையில் காட்டும் கருவிகளும் இருக்கின்றனவாம். ஆனால் கண்ணாடியும் குழலும் பத்து ரூபாய்க்குக் கிடைப்பவை. நாக்கை நீட்டுவது, மடக்குவது, பீப்பி ஊதுவது, பலூன் ஊதுவது போன்றவற்றைப் பேச்சுப் பயிற்சி என்று சிலர் செய்யச் சொல்கிறார்கள். ஒலியே இல்லாத அத்தகைய பயிற்சியால் 'ச' திருந்துகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நீந்தக் கற்க வேண்டுமானால் தண்ணீரில் இறங்க வேண்டும். கரையில் நின்று கையைச் சுழற்றிப் பயனில்லை.

புதிய ஒலிக்கு 'ச' என்று பெயர் சொல்லவே இல்லை என்பதையும் கவனித்தோம். அதற்குப் 'பஞ்சர் சத்தம்' என்று பெயர். சைக்கிள் டியூபில் காற்று இறங்குமே, அது! 'ச' என்றதும் நா பழைய இடத்துக்கு ஓடிவிடுமாம். பெயரை மாற்றினால் ஓடாதாம். அதே காரணத்துக்காகத்தான் தனி ஒலி வந்த பிறகும் உடனே சொற்களுக்குப் போவதில்லை. 'ஸா, ஸீ, ஸூ' என்றும் 'ஆஸ், ஈஸ், ஊஸ்' என்றும் பொருளற்ற அசைகளைச் சொல்ல வேண்டும். அவற்றுக்குப் பழைய பழக்கம் என்று ஒன்று கிடையாது. பத்தில் எட்டு அல்லது ஒன்பது சரியாக வந்தால் அடுத்த படி. இல்லையேல் அதே படி. அசை, சொல், சொற்றொடர், வாக்கியம், வாசிப்பு, உரையாடல் என்று ஏற வேண்டும். ஓர் அமர்வில் நூறு முறை கூடச் சொல்ல நேரிடும். வீட்டில் நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஐந்தைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாளெல்லாம் மறந்துவிடுவதைக் காட்டிலும் இது மேல். அம்மாவின் கைபேசியில் பதிவு செய்து தானே கேட்டு மதிப்பெண் போட்டுக்கொள்கிறாள்; தனக்கு மிகவும் கஞ்சத்தனமாக மதிப்பெண் போடுகிறாள்.

வளர்ந்த பிள்ளைக்கு இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. நாவின் ஓரம், அண்ணம், வாய்க்கால் என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியாது, நமக்குப் புரியும். ஏன் செய்கிறோம் என்பதும் தெரியும். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் ஆயிரம் முறை நடந்த தடத்தை நா எளிதில் விடாது. பயிற்சி அறைக்குள் எல்லாச் 'ச'வும் சிங்கம் போல் வரும். வாசலைத் தாண்டியதும் "தாயந்தரம் பார்க்கலாம்" என்பாள். அறையில் கற்றது தெருவுக்கு வருவதுதான் இதில் மிகக் கடினமான படி. அதனால் பயிற்சியாளர் ஊரெல்லாம் திருத்தமாகப் பேசு என்று சொல்லவில்லை. ஓர் இடம், ஓர் ஆள், ஒரு வாக்கியம் என்று தொடங்கினார். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் "அரைக் கிலோ சர்க்கரை, ஒரு சோப்பு" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். மற்ற இடங்களில் எப்படி வேண்டுமானாலும் பேசலாம்.

அந்த வாக்கியம் அவளுக்கு என்னவாக இருந்தது என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அதுவரை அவள் கடைக்குப் போனால் சீட்டு எழுதிக்கொண்டு போவாள்; சர்க்கரைக்குப் பதிலாகச் சீனி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லையே! சனிக்கிழமையை 'வெள்ளிக்கு மறுநாள்' என்பாள். சிவப்பை 'ரத்தக் கலர்' என்பாள். ஒன்பது ஆண்டுகளாக இப்படி மொழிபெயர்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள். கணக்கில் எங்களைவிட வேகமானவள், கேள்விக்கு விடை தெரிந்தும் கை தூக்காமல் இருந்திருக்கிறாள். முன்பு படித்த வேறொரு பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆண்டுதோறும் அவளுக்குத் தேவதூதர் வேடமாம். இறக்கை உண்டு, வசனம் கிடையாது.

மழலையால் யாருக்கும் உடல் நோவதில்லை. இப்படி வாயை மூடிக்கொண்டு வாழ்வதுதான் நோகிறது. ஆகவே, திருத்துகிறேன் என்று கிளம்புகிறவர்கள் அந்த நோவைக் கூட்டாமலாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம். "நன்றாகச் சொல்" என்று இருபது முறை சொன்னால் நாவுக்கு வழி தெரிந்துவிடாது. எங்கே வைப்பது என்று தெரியாமல்தானே அது தவிக்கிறது? வகுப்பின் முன் நிறுத்தி மறுபடி மறுபடி சொல்லச் சொல்வது பயிற்சி அன்று. அது வேடிக்கை காட்டல். வீட்டிலும், சாப்பிடும்போதும் அழும்போதும் ஏதோ ஒரு மகிழ்ச்சியை மூச்சிரைக்க ஓடி வந்து சொல்லும்போதும் ஒலியைத் திருத்தாதீர்கள். அவள் சொல்ல வந்ததைக் கேளுங்கள். திருத்துவதற்கென்று அவளோடு பேசி ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தோழி எங்களில் ஒருத்தியை மட்டும் அதற்கென அமர்த்தியிருக்கிறாள். 'ச' நழுவினால் அவள் தன் காதுத் தோட்டைத் தொடுவாள். வேறு யாருக்கும் தெரியாது. இதைப் படித்ததும் இனி எல்லாருக்கும் தெரிந்துவிடும். புதிய சைகை ஏற்பாடாகிவிட்டது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

சில பெற்றோர் பதினெட்டு வயது வரை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் பயிற்சியாளரைத் தேடுகிறார்களாம். பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வருகிறவர்கள் அரை மணி நேரம் கேட்கப் போவதற்காகவா நம் பேச்சு? நாள் முழுவதும் அதைப் பேசுகிறவள் நாமல்லவா? 'என் குரல் இப்படித்தான், எனக்கு இதனால் வருத்தமில்லை' என்று ஒருத்தி சொன்னால் அதையும் ஏற்க வேண்டும். தானே விரும்பாதவளைப் பயிற்சிக்கு இழுத்துச் சென்றால், ஐந்தைந்து நிமிடப் பயிற்சியை வீட்டில் யார் செய்வது?

நம் சிரிப்பிலும் ஒரு நீதி வேண்டாமா? சென்னையில் பலருக்கு வாழைப்பழம் 'வாயப்பயம்'. தெற்கே பலருக்கு 'வாளப்பளம்'. தமிழுக்கே சிறப்பென்று சொல்லப்படும் எழுத்தையே மேடைக்கு மேடை தவறவிட்டு, 'தமில் வால்க' என்று முழங்குகிறவர்களுக்கு நாம் கைதட்டுகிறோம். ஊரே தவறவிட்டால் அது வட்டார வழக்கு. ஒருத்தி தவறவிட்டால் அது குறை! பேச்சுப் போட்டியில் உச்சரிப்புக்கு மதிப்பெண் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணை மேடையில் இழக்கும் உரிமையாவது அவளுக்கு வேண்டும். பெயர்ப் பட்டியலிலேயே அடித்துவிடக் கூடாது. பயிற்சி செய்ய விரும்பும் மாணவியருக்கு மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம், கதவு சாத்திய ஓர் அறையும் ஒரு கண்ணாடியும் கிடைத்தால் பேருதவியாக இருக்கும். நூலகத்துக்குப் பின்னால் பழைய வரைபடங்கள் வைத்திருக்கும் அறை காலியாகத்தான் இருக்கிறது என்பதைச் சகோதரிகளுக்குப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

எங்கே போவது என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் நாட்டின் பெரிய நிறுவனங்களுள் ஒன்று. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் கேட்டுப் பாருங்கள். காது சோதனையையும் அங்கேயே முடித்துவிடலாம். எத்தனை மாதம் ஆகும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. சிலருக்குச் சில மாதங்கள். சிலருக்கு அதற்கு மேல். பழைய நா அவ்வப்போது திரும்பிப் பார்க்கும். களைப்பிலும் கோபத்திலும் கட்டாயம் பார்க்கும்.

எங்கள் வகுப்பில் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொருத்தியும் "எஸ் சிஸ்டர்" என்று எழுந்து சொல்ல வேண்டும். இரண்டே சொல்லில் மூன்று 'ஸ்'! நம் தோழிக்காக எல்லாரும் "உள்ளேன் அம்மா" என்று மாற்றிக்கொள்ளலாமா என்று வகுப்பாசிரியையான சிஸ்டர் அவளைத் தனியே அழைத்துக் கேட்டார்கள். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். நாள்தோறும் செலவில்லாமல் கிடைக்கிற தேர்வை ஏன் விட வேண்டும் என்பது அவள் கட்சி. இப்போதெல்லாம் மூன்றில் இரண்டு வந்துவிடுகிறது. 'ட'வுக்கு முன்னால் வருவதுதான் இன்னும் கொஞ்சம் அடம் பிடிக்கிறது.